பணியும் ஓய்வும்: பல்கலைக்கழக ஊழியர் நலம் பற்றிய ஓர் ஆய்வு

கல்லூரிகள் விழா எடுக்குங் காலத்தில் தம் பழைய மாணவர் அடைந்த பதவிகளை எண்ணி மகிழ்வது தொன்றுதொட்டு வரும் வழக்கம். இன்னார் விரிவுரையாளர் ஆயினார், இன்னார் பதிவாளர் ஆயினார், இன்னார் நூலகப் பொறுப்பை ஏற்றார் என மலர்தோறும் பட்டியல் வெளிவருகின்றது. அப்பட்டியல் பெருமைக்குரியதே. ஆயினும், அவர்கள் மாலையில் எந்நேரத்தில் வீடு திரும்புகின்றனர்? பிள்ளைகளோடு அமர்ந்து உண்ண அவர்களுக்குப் பொழுது கிடைக்கின்றதா? இரவிற் கவலையின்றி உறங்குகின்றனரா? இவ்வினாக்கள் மலர்களில் எழுவதில்லை. பதவி போற்றப்படுகின்றது, பதவியைச் சுமப்பவர் மறக்கப்படுகின்றார்.

நம் கல்லூரியிற் பயின்றோர் பலர் இன்று பல்கலைக்கழகங்களில் உத்தியோகம் பார்க்கின்றனர். இப்போது மேல்வகுப்புகளிற் பயில்வோரிலும் சிலர் நாளை அவ்விடங்களுக்கே செல்வர். ஆதலின் பல்கலைக்கழக ஊழியரின் பணியும் ஓய்வும் எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதை ஈண்டு ஆராய முற்படுகின்றோம். கல்முனைக் கரையோரத்து மக்களுக்கு அண்மையில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தை மனத்திற் கொண்டு இவ்வாராய்ச்சி செல்லும்.

சொல்லும் பொருளும்

முதலிற் சொல்லாராய்ச்சி செய்வோம். தொழிலைக் குறிக்க நாம் நாள்தோறும் வழங்குஞ் சொல் 'வேலை' என்பது. இச்சொல்லுக்கு அகராதிகள் தரும் பொருள்கள் பல. தொழில் என்பது ஒன்று. காலம் என்பது ஒன்று. கடல் என்பது ஒன்று. கடற்கரை என்பது மற்றொன்று. 'வேலா' என்னும் வடசொல்லுக்கு எல்லை என்னும் பொருளும் உண்டு. கடலுக்குக் கரை எல்லையாய் நிற்பது போல, தொழிலுக்குக் காலம் எல்லையாய் நிற்கின்றது. கரையில்லாத கடலை எவ்வாறு எண்ணிப் பார்க்க இயலாதோ, அவ்வாறே எல்லையில்லாத வேலையையும் நம் மொழி எண்ணிப் பார்க்க இடந்தரவில்லை எனலாம்.

இனி 'ஓய்வு' என்னுஞ் சொல்லை நோக்குவோம். ஓய்தல் என்பது தணிதல், நின்றுவிடுதல் எனப் பொருள்படும். மழை ஓய்ந்தது, அலை ஓய்ந்தது என்கின்றோம். ஓய்ந்த மழை மீண்டும் பெய்யும். ஓய்ந்த அலை மீண்டும் எழும். எனவே ஓய்வு என்பது முடிவு அன்று. அடுத்த எழுச்சிக்கு முன்னுள்ள இடைவெளியே ஆகும். ஆனால் உத்தியோக உலகிலோ 'ஓய்வு பெற்றார்' என்றால், இனித் தொழிலுக்கு வரமாட்டார் என்பதே பொருள். சேவைக்காலம் முழுவதும் தேடிக் கிடையாத ஒன்றை இறுதி நாளில் ஒருசேர வழங்குவது போல இவ்வழக்கு அமைந்துவிட்டது. இந்த ஓய்வைச் சேவைக்காலத்தின் உள்ளேயே, நாள்தோறும் ஆண்டுதோறும் உரிய அளவிற் பகிர்ந்து கொடுத்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

ஒலுவிலில் ஒரு கழகம்

கல்முனையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பெருந்தெருவிற் சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் ஆகிய ஊர்களைக் கடந்தால் ஒலுவில் வரும். ஒருபுறம் கடலும் மறுபுறம் வயல்வெளியும் சூழ்ந்த அவ்வூரிலே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 23 ஆம் நாள் அது பல்கலைக்கழகக் கல்லூரியாக அட்டாளைச்சேனையில் தொடங்கியது. 1996 ஆம் ஆண்டு மே மாதம் 15 ஆம் நாள் முழுமையான பல்கலைக்கழகம் ஆயிற்று. போர்க் காலத்தில் இப்பகுதி மாணவர் உயர்கல்வி பெறுவதற்குப் பட்ட இடரே அதன் தோற்றத்திற்குக் காரணம். அதனை அமைப்பதற்கு அமைச்சராயிருந்த எம். எச். எம். அஷ்ரஃப் அவர்கள் முன்னின்று உழைத்தார், பேராசிரியர் எம். எல். ஏ. காதர் அவர்கள் முதல் உபவேந்தராகப் பொறுப்பேற்றார். பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையிலும் ஏனைய பீடங்கள் ஒலுவிலிலும் இயங்குகின்றன.

இத்தகைய நிறுவனம் ஒன்று தோன்றுங் காலத்தில் அங்குச் சேர்ந்தோர் மணிக்கூட்டைப் பார்த்துத் தொழில் செய்யார். கட்டடம் இல்லை, நூல் இல்லை, ஆள் இல்லை என்னும் நிலையில் ஒருவரே மூவர் பணியைச் செய்வர். அது போற்றத்தக்கதே. ஆனால் தொடக்க காலத்தில் தேவையின் பொருட்டுச் செய்த மிகையுழைப்பு, நிறுவனம் நிலைபெற்ற பின்னரும் வழக்கமாகத் தொடருமானால் அஃது எந்த நிறுவனத்திற்கும் தீங்கு பயக்கும். கன்றுக்கு நாள்தோறும் குடத்தால் நீர் வார்த்தோம் என்பதற்காக, மரமான பின்னும் அதே குடத்தைச் சுமந்து திரிவார் உளரோ? அக்கால உழைப்பை நன்றியோடு நினைத்தல் வேறு. அதனை இக்கால ஊழியர்க்கு அளவுகோலாக்குதல் வேறு.

பணியின் இயல்பு

பல்கலைக்கழக ஊழியர் என்றவுடன் விரிவுரையாளரே நம் நினைவுக்கு வருகின்றனர். உண்மையில் அவர்கள் ஒரு பகுதியினரே. இலிகிதர், நூலக உதவியாளர், ஆய்வுகூட உதவியாளர், சாரதி, விடுதிப் பொறுப்பாளர், தோட்டத் தொழிலாளி, இரவுக் காவலாளி ஆகிய அனைவரும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவரே. கல்விசாரா ஊழியர் என்று அழைக்கப்படும் இவர்கள் இல்லையேல் கல்வி நடைபெறாது என்பதை நாடு அண்மையிற் கண்டது. 2024 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆம் நாள் இலங்கைப் பல்கலைக்கழகங்களின் கல்விசாரா ஊழியர் தொடங்கிய வேலைநிறுத்தம் இரண்டு மாதங்களுக்கு மேல் நீடித்தது. அக்காலத்தில் பல்கலைக்கழகங்களின் அன்றாட வாழ்வே தடைப்பட்டது.

விரிவுரையாளரின் பணிக்கு ஒரு தனி இயல்பு உண்டு. அது கண்ணுக்குப் புலப்படாதது. வாரத்தில் இத்தனை மணித்தியாலம் விரிவுரை என்று நேரசூசி கூறும். ஆனால் விரிவுரைக்கு முன் செய்யும் ஆயத்தம், விடைத்தாள் திருத்துதல், மாணவரின் ஆய்வேட்டை வரிவரியாகப் படித்துத் திருத்துதல், குழுக் கூட்டங்கள், மதிப்பீட்டு அறிக்கைகள், தம் சொந்த ஆராய்ச்சி ஆகியவற்றை நேரசூசி கூறாது. பாடசாலை ஆசிரியராகிய நாமும் விடைத்தாட் கட்டுகளை வீட்டுக்குச் சுமந்து செல்பவர்களே ஆதலின், விளக்கணையும் வரை நீளும் அப்பணியின் பாரத்தை நன்கறிவோம்.

2020 ஆம் ஆண்டு பெருந்தொற்றுக் காலத்தில் விரிவுரைகள் இணையவழிக்கு மாறின. அன்று வீட்டுக்குள் நுழைந்த அலுவலகம் இன்றுவரை முற்றாக வெளியேறவில்லை. இராப்போசனத்தின் போதும், கோயிற் பூசையின் போதும், பள்ளிவாசலிலிருந்து திரும்பும் வழியிலும் வாட்ஸ்அப் குழுவிற் செய்தி வந்து விழுகின்றது. உடனே மறுமொழி தரவேண்டும் என்று எந்த விதியும் கூறவில்லை. ஆனால் தராதவர் அக்கறையற்றவர் என்று கருதப்படுவாரோ என்னும் அச்சம் விதியினும் வலிதாக நிற்கின்றது. இவ்வாறு வேலையின் கரை மெல்ல மெல்ல அரிக்கப்படுகின்றது. ஒலுவிற் கரையைக் கடல் அரிப்பதைக் கண்டவர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. ஒருநாளில் இழந்த நிலம் சிறிது. ஆண்டுகள் சென்று திரும்பிப் பார்க்கும்போதுதான் தென்னைகள் நின்ற இடம் நீராயிருப்பது புலனாகும்.

உடல்நூல் உரைப்பது

மிகையுழைப்பின் தீமையை இன்றைய மருத்துவம் எண்களால் அளந்து காட்டியுள்ளது. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் இணைந்து செய்த ஆய்வு 2021 ஆம் ஆண்டு வெளிவந்தது. வாரத்தில் 35 முதல் 40 மணித்தியாலம் வரை உழைப்போரோடு ஒப்பிடும்போது, 55 மணித்தியாலமோ அதற்கு மேலோ உழைப்போர்க்குப் பாரிசவாதம் வரும் வாய்ப்பு 35 வீதமும், இருதய நோயால் இறக்கும் வாய்ப்பு 17 வீதமும் மிகுதி என்று அது கூறிற்று. 2016 ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ 7,45,000 பேர் இவ்வகையால் இறந்தனர் என்பது அதன் கணிப்பு.

மனத்தைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. பணியால் உள்ளம் எரிந்து சாம்பலாகும் நிலையை 1974 ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர் ஃபிராய்டன்பேர்கர் எடுத்து விளக்கினார். அதனை நாம் பணிச்சோர்வு எனலாம். 2019 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் தனது நோய் வகைப்பாட்டின் 11 ஆம் பதிப்பில் இதனைச் சேர்த்தது. அதற்கு மூன்று அடையாளங்கள் கூறப்பட்டன. ஆற்றல் வற்றிப்போதல் ஒன்று. தொழிலில் மனம் ஒட்டாது வெறுப்புக் கொள்ளுதல் இரண்டு. செய்திறன் குன்றுதல் மூன்று. ஈண்டுக் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி யாதெனில், அந்நிறுவனம் இதனை நோய் என்று கூறவில்லை. தொழிலிடத்தில் எழும் ஒரு நிலை என்றே கூறிற்று. அதாவது, நெடுங்காலம் நீடித்தும் சரிவரக் கையாளப்படாத தொழிலழுத்தமே அதன் காரணம். ஆகவே சோர்ந்த ஊழியனை நோக்கி, 'நீ மூச்சுப் பயிற்சி செய்; அதிகாலையில் எழு; மனத்தைத் திடப்படுத்து' என்று உபதேசித்தல் மட்டும் போதாது. தொழிலிடம் தன்னைத் தானே நோக்கித் திருத்திக்கொள்ளல் வேண்டும். கூரை ஒழுகும்போது நனைந்தவனுக்குத் துவாய் கொடுத்தல் நன்றே. ஆயினும் கூரையை வேய்தல் அன்றோ தலையாய கடமை?

துறவியும் இல்லறத்தானும்

இக்கருத்துக்கு மறுப்பாக ஒன்று கூறப்படலாம். 'கல்விப் பணி கூலிப் பணி அன்று, அது தொண்டு. தொண்டுக்கு மணிக்கணக்கு உண்டோ? நம் மண்ணின் பெரியோர் அவ்வாறு கணக்குப் பார்த்தனரோ?' என்பர். இம்மறுப்பை எளிதிற் புறந்தள்ளலாகாது. ஏனெனில் இதற்குச் சான்றாகக் காட்டப்படுபவர் நாம் அனைவரும் வணங்கும் சுவாமி விபுலாநந்தர்.

அடிகளார் 1892 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 27 ஆம் நாள், இன்றைய பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் அதே பெருந்தெருவில் உள்ள காரைதீவிலே பிறந்தார். கொழும்பிற் பயிற்றப்பட்ட ஆசிரியராகத் தேறியவர் அவர் என்பது எம்மனோர்க்குப் பெருமை தருஞ் செய்தி. பின்னர் இராமகிருஷ்ண சங்கத்திற் சேர்ந்து 1924 ஆம் ஆண்டிற் துறவு பூண்டார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கினார். இக்கரையோரம் ஈன்ற முதற் பல்கலைக்கழக ஊழியர் என்று அவரைக் கூறின் மிகையாகாது. நெடுங்கால ஆராய்ச்சியின் பயனாகிய அவரது 'யாழ் நூல்' 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5 ஆம் நாள் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறத் தொடங்கிற்று. அதன்பின் 44 நாள்களே கழிந்தன. ஜூலை 19 ஆம் நாள் அடிகளார் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 55.

அப்பெருவாழ்வை நினைக்குந்தோறும் நம் நெஞ்சு உருகுகின்றது. ஆயினும் அதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் யாது? அடிகளார் துறவி. அவர் வீட்டிற் காத்திருந்த மனைவி இல்லை. பாடஞ் சொல்லித் தரக் கேட்கும் குழந்தை இல்லை. தம் பொழுது முழுவதையும் தமிழுக்குக் கொடுத்தபோது அவர் பிறிதொருவர் பங்கை எடுத்துக் கொடுக்கவில்லை. இல்லறத்தானின் நிலை அஃதன்று. அவனது நாளில் மனைவிக்கும், மக்களுக்கும், முதிர்ந்த பெற்றோர்க்கும், சுற்றத்தார்க்கும் பங்குண்டு. அவன் இரவு பத்து மணி வரை அலுவலகத்தில் இருப்பானாயின், கொடுப்பது அவன் பொழுதன்று, அவர்கள் பொழுது. திருக்குறள் அறத்துப்பாலில் இல்லறவியலையும் துறவறவியலையும் தனித்தனியே வகுத்து வைத்ததன் நுட்பம் இதுவே. ஒன்றின் அளவுகோலால் மற்றொன்றை அளத்தல் ஆகாது. துறவியை வணங்குவோம், ஆனால் துறவியின் கடமையை இல்லறத்தான் தலையில் ஏற்றி, அவன் தடுமாறும்போது பக்தி குறைந்தவன் என்று பழியாதிருப்போம்.

இன்னும் ஒன்று. யாழ் நூல் போன்ற பேராராய்ச்சி ஒரு பருவத்தில் எழுதி முடிக்கப்பட்டதன்று. அடிகளார் 1933 இல் அண்ணாமலையை விட்டு நீங்கினார். 1939 முதல் இமயமலைச் சாரலில் மாயாவதியில் இருந்து 'பிரபுத்த பாரத' இதழை நடத்தினார். பின்னர் ஈழம் மீண்டார். ஆண்டுகள் பலவாக அவ்வாராய்ச்சி அவர் உள்ளத்தில் முதிர்ந்தது. ஆழ்ந்த கல்விக்கு நீண்ட, பதற்றமற்ற பொழுது வேண்டும் என்பதற்கும் அவர் வாழ்வே சான்று.

வயல் தரும் பாடம்

அம்பாறைக் கரையோர மக்களுக்கு இவ்வுண்மை புதிதன்று. பெரும்போகம் முடிந்து சூடடித்த பின் வயலிற் சிறிது காலம் மாடுகள் மேயும். அந்நாள்களில் வயல் வீணாய்க் கிடக்கின்றது என்று எந்தப் போடியாரும் வருந்துவதில்லை. கரைவலை இழுப்போர் வலையைக் காயவைத்துக் கிழிசலைப் பொத்தும் நாளைத் தொழில் இல்லாத நாள் என்று கொள்வதில்லை. மருதமுனையில் தறி நெய்வாரைக் கேட்டால், பாவை அளவுக்கு மீறி இறுக்கினால் நூல் அறும் என்பர். நிலமும் வலையும் நூலும் வேண்டுகின்ற ஒன்றை மனித உடம்பு மட்டும் வேண்டாதோ?

பல்கலைக்கழகங்களின் ஏழாமாண்டு விடுமுறையும் வயலிலிருந்து பிறந்ததே. யூதரின் பழைய வேதம், ஆறாண்டு பயிரிட்ட நிலத்தை ஏழாம் ஆண்டில் தரிசாக விடும்படி விதித்தது. அக்கருத்தைத் தழுவி 1880 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வார்டு பல்கலைக்கழகம் பேராசிரியர்க்கு ஏழாண்டுக்கு ஒருமுறை நீண்ட லீவு வழங்கத் தொடங்கிற்று. இலங்கைப் பல்கலைக்கழகங்களிலும் ஏழாண்டுச் சேவைக்கு ஓராண்டு என்ற அளவில் கல்விசார் ஊழியர்க்கு இது கிடைக்கின்றது. யுனெஸ்கோ 1997 ஆம் ஆண்டு உயர்கல்வி ஆசிரியரின் தகுதிநிலை பற்றி வெளியிட்ட பரிந்துரையும் இத்தகைய லீவையும், நியாயமான வேலைப்பங்கையும் வலியுறுத்துகின்றது. ஆனால் இருபதாண்டு இரவுக் காவல் புரிந்தவருக்கோ, முப்பதாண்டு கோப்புகளோடு போராடிய இலிகிதருக்கோ இவ்வாறான ஏழாமாண்டு இல்லை. ஆராய்ச்சிக்கு ஓராண்டு வேண்டும் என்பது சரி. களைப்பு மட்டும் பதவி பார்த்து வருவதில்லை என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஓய்வு நாளை வகுப்பது தனிமனிதன் அல்லன். சமூகமும் அரசுமே என்பதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்றுண்டு. 1966 முதல் 1971 வரை இலங்கையில் ஞாயிற்றுக்கிழமைக்குப் பதிலாகப் போயா தினங்களே வாராந்த விடுமுறையாய் இருந்தன. மூத்த பழைய மாணவர் பலர் இதனை நினைவுகூர்வர். சர்வதேசத் தொழில் நிறுவனம் 1919 ஆம் ஆண்டில் இயற்றிய முதலாவது உடன்படிக்கையே கைத்தொழிலாளரின் உழைப்பை நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 48 மணித்தியாலம் என வரையறுத்தது. அன்று தொழிற்சாலைச் சங்கொலி கரையிட்டது. இன்று கைத்தொலைபேசிக்குச் சங்கொலி இல்லை. ஆதலாற்றான் பிரான்சு 2017 ஆம் ஆண்டிலும் அவுஸ்திரேலியா 2024 ஆம் ஆண்டிலும், கடமை நேரம் கழிந்தபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமையைச் சட்டத்தில் இடம்பெறச் செய்தன.

மனையும் மகளிரும்

ஓய்வைப் பற்றிப் பேசுமிடத்து மகளிரை மறத்தல் தகாது. ஆடவன் அலுவலகத்திலிருந்து வீடு திரும்பும்போது ஒருநாட் பணி முடிகின்றது. பெண் திரும்பும்போது இரண்டாம் பணி தொடங்குகின்றது. அடுப்பு, பிள்ளை, நோயாளியான மாமியார், மறுநாளைக்கான துணி ஆகிய அனைத்தும் அவளுக்காகக் காத்திருக்கின்றன. நம் நாட்டின் அரச சேவையிற் பிரசவ லீவு முழுச் சம்பளத்துடன் 84 வேலைநாள். அதன்மேல் அரைச் சம்பளத்துடனும், பின் சம்பளமின்றியும் நீட்டிக்கலாம். இது நல்லதோர் ஏற்பாடு. தந்தைக்கோ 3 நாள். இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், பிள்ளை வளர்ப்பில் ஆடவனின் பங்கு எவ்வளவு என்று நாம் கருதியிருக்கின்றோம் என்பது விளங்கும். வேலைக்கும் வாழ்வுக்கும் சமநிலை வேண்டும் என்று மேடையில் முழங்கும் ஆடவர், வீட்டிலே தம் பங்குப் பாத்திரங்களைக் கழுவுதலிலிருந்து தொடங்குதல் நன்று.

இடர்க் காலங்கள்

இக்கரையோரம் இடர்களை அறியாததன்று. 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை மருதமுனை முதலாகக் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு வழியே கரையோரம் முழுவதையும் வாரிச் சென்றது. உறவினரை இழந்த எத்தனையோ பேர் சில கிழமைகளில் மேசைக்கும் கரும்பலகைக்கும் திரும்பினர். துக்கத்தைச் சொல்ல அவர்களுக்கு இடமிருந்ததா என்று கேட்போர் சிலரே. 2022 ஆம் ஆண்டிற் பொருளாதார நெருக்கடியால் எரிபொருள் அருகியபோது, வரிசையில் நின்றே பொழுது கழிந்தது. 2024 ஆம் ஆண்டு நவம்பர் 26 ஆம் நாள் வெள்ளம் பெருகிய வேளையில், காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையே உள்ள மாவடிப்பள்ளியில் உழவு இயந்திரம் கவிழ்ந்து மத்ரஸா மாணவர் உயிரிழந்த துயரை நாம் மறக்கவில்லை. கடமைக்குச் செல்லும் வழியும் கடமையின் ஒரு பகுதியே. தெருவின் மேல் வெள்ளம் பாயும் நாளில், வரவுப் பதிவேட்டிற் கையொப்பமிடுவதற்காக ஒருவர் உயிரைப் பணயம் வைக்கும் நிலை ஏற்படலாகாது. இதற்கு முன்கூட்டியே விதி வகுத்தல் அறிவுடைமை.

செய்யத்தக்கன

இதுவரை கூறியவற்றிலிருந்து பெறப்படுங் கடமைகளைத் தொகுத்துரைப்போம்.

1. கடமை நேரத்தின் தொடக்கமும் முடிவும் தெளிவாக அறிவிக்கப்படல் வேண்டும். மாலைக்குப் பின் அனுப்பப்படும் செய்திக்கு மறுநாட் காலையில் மறுமொழி தருவதே முறை என நிருவாகமே வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும்.

2. விடைத்தாள் திருத்துதல், ஆய்வேடு வழிகாட்டல், குழுப் பணி ஆகியவை வேலைப்பங்கிற் கணக்கிடப்படல் வேண்டும். கணக்கிடப்படாத பணி எப்போதும் மறுக்கத் தெரியாதவர் தலையிலேயே விழும்.

3. உரிய லீவைக் கேட்பவர் இரந்து நிற்பவர் போல நடத்தப்படலாகாது. ஒருவர் லீவிற் செல்லும்போது அவர் பணியைப் பார்க்க மற்றொருவர் நியமிக்கப்படல் வேண்டும். திரும்பி வந்தவுடன் குவிந்த கோப்புகளைக் காண்பவருக்கு அந்த லீவு லீவாகாது.

4. இரவுக் காவலும் விடுமுறை நாட்கடமையும் சுழற்சி முறையிற் பகிரப்படல் வேண்டும். சிற்றூழியர்க்கும் அமர்ந்து உண்ணவும் சற்றுச் சாயவும் ஓர் அறை வேண்டும்.

5. சிறு குழந்தைகளை உடைய ஊழியர்க்குப் பிள்ளைப் பராமரிப்பு நிலையமும், மனத்துயர் உற்றோர்க்கு இரகசியம் காக்கும் உளவளத் துணையும் எட்டும் இடத்தில் அமைதல் வேண்டும்.

6. பல சமயத்தார் சேர்ந்து உழைக்கும் இடத்தில் ஒவ்வொருவரின் புனித பொழுதும் மதிக்கப்படல் வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்திலும், நோன்பு துறக்கும் வேளையிலும், வைகாசியிற் கண்ணகை அம்மன் திருக்குளிர்ச்சி நாளிலும், பாண்டிருப்புத் தீமிதிப்பு நாளிலும் கூட்டங்கள் வைக்காதிருத்தல் அரிதன்று. முஸ்லிம் ஊழியர் தைப்பொங்கலன்று பொறுப்பேற்க, இந்து ஊழியர் பெருநாளன்று பொறுப்பேற்றால் ஓய்வும் வளரும், ஒற்றுமையும் வளரும்.

7. சமூகமும் தன் பங்கைச் செய்தல் வேண்டும். சனி ஞாயிறு தோறும் பரிசளிப்பு விழாவுக்கும் நூல் வெளியீட்டுக்கும் பேராசிரியரையே தலைமை தாங்க அழைக்கும் வழக்கம் ஊர்தோறும் உண்டு. அவர் வர இயலாது என்றால் அதனைச் செருக்கு என்று கொள்ளாது, அவர் பிள்ளைகளுக்கும் ஒரு ஞாயிறு உண்டு என்று எண்ணுதல் பண்பு.

இவற்றோடு ஊழியர்க்கும் ஒரு சொல் உரியது. வேலைக்கு இரண்டு கரை உண்டு. மாலையில் உரிய நேரத்தில் வீடு செல்லும் உரிமை ஒரு கரை. காலையில் உரிய நேரத்தில் வந்து கடமையை ஒழுங்காக ஆற்றுதல் மறு கரை. கடமை நேரத்தில் தேநீர்ச்சாலையில் பொழுதைப் போக்குபவர் ஓய்வுரிமை பேசுதல் பொருந்தாது. அவர் போக்கிய பொழுதை அயலிலிருக்கும் வேறொருவர் தம் மாலைப்பொழுதால் ஈடுசெய்கின்றார். ஒருவரின் சோம்பல் மற்றொருவரின் மிகையுழைப்பாக மாறுவதைப் பல அலுவலகங்களிற் காணலாம். ஆதலின் கரை இரண்டையும் காத்தல் யாவர்க்கும் பொதுக் கடமையாம்.

முடிவுரை

பல்கலைக்கழகம் என்பது கட்டடமும் நூலகமும் மட்டும் அன்று. அங்கு உழைக்கும் மக்களே அது. அவர்கள் உடல்நலத்தோடும் உளநலத்தோடும் இருப்பின் மாணவர் நல்ல கல்வி பெறுவர். அவர்கள் வாடின் பட்டங்கள் வழங்கப்படும், கல்வி வளராது. இவ்விழா மலரைக் கையில் ஏந்தும் பழைய மாணவருட் பலர் இன்று பீடங்களுக்கும் திணைக்களங்களுக்கும் தலைவராயிருக்கின்றனர். தம் கீழ்ப் பணிபுரிவோர் பெயர்களை ஒருமுறை மனத்தில் வரிசையாக எண்ணிப் பார்த்து, அவர்களுள் எவர் நெடுநாளாக லீவு எடுக்கவில்லை என்று அவர்கள் விசாரிப்பார்களாயின், அதுவே இக்கட்டுரைக்குக் கிடைக்கும் பயன். விழாக்காணும் நம் கல்லூரி நீடு வாழ்க! அதன் மாணவர் எங்குப் பணிபுரியினும் உழைப்பாற் சிறந்து, ஓய்வால் நலம்பெற்று, மனைமக்களோடு மகிழ்ந்து வாழ்க!